முதல் மடக்கு

ஒயின் பரிமாறுவதுதான் என் பிழைப்பு. சிங்கப்பூர் ஹோட்டல் ஒன்றில் வேலை. தினமும் மலேசியப் பக்கம் ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டிப் போய் வருகிறேன். போத்தலை யார் வாங்குகிறாரோ அவர் கிளாஸில்தான் முதலில் ஒரு மடக்கு ஊற்ற வேண்டும். அவர் முகர்ந்து, சுவைத்து, தலையாட்டிய பிறகே விருந்தாளிகளுக்கு. கெட்டுப்போனது விருந்தாளியின் வாய்க்குப் போய்விடக் கூடாது என்பதற்கான மரியாதை அது. அந்த முதல் மடக்கை ஊற்றும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிடும்.

அப்பா சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிறகு பத்து பாகாட்டில் துணி ஆலை வேலை. நான் விரும்பிய பெண்ணோ சிலோன்காரக் குடும்பம். அவளுடைய அப்பா அரசாங்க உத்தியோகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், சாப்பாட்டோடு ஒயின் அருந்துகிறவர். "முதல்ல ஒருநாள் சேர்ந்து சாப்பிடுவோம்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். சம்மதம் என்று சொல்லவில்லை. விருந்து தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்பா ஒரே பிடிவாதமாக ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் மேசை பிடிக்கச் சொன்னார்.

விருந்துக்கு முதல் நாள் வீட்டுச் சமையலறையில் ரோஸ் சிரப்பைத் தண்ணீரில் கலந்து அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். கிளாஸைத் தண்டில் பிடிக்க வேண்டும், மெல்லச் சுழற்ற வேண்டும், முகர வேண்டும், கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். அப்பா முகம் சுளிக்காமல் நாலைந்து தடவை செய்து காட்டினார். எனக்கோ தலைகால் புரியாத திமிர். "நாளைக்கு மானத்த வாங்கிடாதீங்கப்பா" என்று வேறு சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மறுநாள் விருந்தில் சர்வர் சிவப்பு ஒயினை அப்பாவின் கிளாஸில் ஒரு மடக்கு ஊற்றிவிட்டுக் காத்து நின்றான். அப்பா அதைப் பார்த்தார். பிறகு கிளாஸை அப்படியே எதிர்ப்பக்கம் நகர்த்தினார்.

"சார், நீங்க முதல்ல."

"இல்லங்க, நீங்கதான் பாக்கணும்" என்றார் பெண்ணின் அப்பா.

"விருந்துக்குக் கூப்பிட்டுட்டு நான் எப்படி சார் முதல்ல வாய் வைக்கிறது?"

எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை சிரப்பும் வீண். அவர் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார், கொஞ்சம் நிதானித்தார், "நல்லாருக்கு" என்றார். சர்வர் இருவருக்கும் ஊற்றினான். அப்பா நான் சொல்லிக்கொடுத்தபடியே முகர்ந்தார். முகர்ந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அடுத்து என்ன செய்வது என்று மறந்துவிட்டார் போலும் என்று மேசைக்கடியில் அவர் காலைத் தட்டினேன். குடித்தார். இருவருமாகப் போத்தலைக் காலி செய்தார்கள். நான் ஒரு சொட்டும் தொடவில்லை. அப்பா முன்னாலும் மாமனாராகப் போகிறவர் முன்னாலும் குடிக்க முடியுமா? எலுமிச்சை ஜூஸை உறிஞ்சிக்கொண்டு, இந்தக் கல்யாணம் நடந்த மாதிரிதான் என்று மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

எழுந்திருக்கும்போது பெண்ணின் அப்பா என் அப்பாவின் கையைப் பிடித்தார். "அப்ப நல்ல நாள் பாருங்க, சம்பந்தி."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு அப்பாவும் மாமனாரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். நான் ஒரு போத்தல் திறந்து அப்பாவுக்கு முதல் மடக்கை ஊற்றினேன். அப்பா பழையபடி கிளாஸை நகர்த்தினார். மாமா திருப்பி நகர்த்தினார்.

"இந்தத் தடவ நீங்க குடிங்க சம்பந்தி. அன்னிக்கு அந்த ஹோட்டல் ஒயின் காடியா இருந்துச்சு."

"தெரியும்" என்றார் அப்பா. "மோந்தப்பவே தெரிஞ்சிருச்சு. தோட்டத்துல புளிச்ச கள்ளு பாத்தவன்தானே நான்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்களே. அப்புறம் நான் எப்படி இல்லன்னு சொல்றது? நீங்க ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையா குடுத்தத எப்படிங்க கெட்டுப்போச்சுன்னு சொல்றது?"

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அன்று அந்தப் போத்தலைத் திருப்பி அனுப்பத் தெரிந்த ஒரே ஆள் நான். நான்தான் எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. போன தீபாவளிக்கு மாமா மட்டும் வந்தார். அவருக்கு முதல் மடக்கை ஊற்றினேன். அவர் குடிக்கவில்லை. அப்பா வழக்கமாக உட்காரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு கிளாஸ் கொண்டா தம்பி. இங்க உக்காரு."

"உங்க முன்னால எப்படி மாமா?"

"கெட்டுப்போயிருந்தாலும் கூடக் குடிக்க ஒரு ஆள் வேணும்ல."

கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து தண்டைப் பிடித்தேன், முகர்ந்தேன், ஒரு வாய் குடித்தேன். அப்பா ஞாபகத்தில் ருசி ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாருக்கு மாமா" என்றேன்.