தூக்கின பத்து நாளும் அப்பாவின் திவசமும்

அப்பாவின் ஆட்டைத்திவசத்துக்கு, அவர் போய் ஒரு வருஷம் நிறைகிற நாளுக்கு, இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் அக்காவும் தம்பியும் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அக்கா யாழ்ப்பாணத்தில், அப்பா இருந்த வீட்டில். தம்பி கனடாவில், ரொறன்ரோவில். நான் இத்தாலியில், பலெர்மோவில். பிறந்ததும் நடுவில், இருப்பதும் நடுவில். ஆகவே இரண்டு பேரும் எனக்குத்தான் எடுப்பார்கள்.

சண்டை திதிக்கு. எங்கள் ஊரில் இரண்டு பஞ்சாங்கம். வாக்கியம் பழைய வாய்பாட்டுக் கணக்கு. திருக்கணிதம் வானத்தைப் பார்த்துத் திருத்தின கணக்கு. வழமையில் இரண்டுக்கும் சில மணித்தியாலம்தான் வித்தியாசம். அப்பா போனது ஐப்பசித் தேய்பிறையில், பொழுது படுகிற நேரம். சரியாக அந்தச் சில மணித்தியாலத்துக்குள் போய்விட்டார். வாக்கியத்தில் நவமி. திருக்கணிதத்தில் தசமி.

"அவர் வாழ்நாள் முழுக்க வாக்கியந்தான் பாத்தவர். செத்த பிறகு மாத்தேலுமே?" அக்கா.

"சந்திரன் எங்கை நிண்டதோ அதுதான் திதி, சின்னக்கா. அப்பா எதைப் பாத்தவர் எண்டு சந்திரனுக்குத் தெரியுமே?" தம்பி, என்னிடம்.

ஊருக்குப் போகத் தம்பி பயணச்சீட்டு எடுத்துவிட்டான். இரண்டு நாளுக்கும் அங்கே நிற்பான். ஆனால் நவமியில் தர்ப்பை போடமாட்டானாம். தசமியில் அக்கா அடுப்பு மூட்டமாட்டாவாம். ஆண் பிள்ளையென்று அவன் ஒருவன்தான். ஒரே வீடு. முதல் திவசம் இரண்டாக உடையப் பார்த்தது. எனக்கு அங்கே போக வழியில்லை. நான் வேலைக்கு நின்று பார்க்கிற கிழவியை, சிஞ்ஞோராவை, தனியே விட முடியாது.

சிஞ்ஞோரா பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர். இப்போது கால் இல்லை, நாக்கு இருக்கிறது. அக்காவுடன் நான் குசினியில் நின்று போனில் சத்தம் போட்டதைக் கேட்டு, யார் செத்தது என்று கேட்டார்.

"போன வருஷம் செத்தவர்தான். எந்த நாள் என்று இப்போது சண்டை. எங்களுக்கு இரண்டு கலண்டர்" என்றேன்.

சிரித்தார். கதிரையைத் தன் பக்கம் இழுக்கச் சொன்னார்.

"எங்களுக்கும் இரண்டு இருந்தது. எங்கள் சண்டை உங்களுடையதைவிடப் பெரிது."

சொன்னார். முந்தின காலத்துக் கலண்டர் வருஷத்தின் நீளத்தை ஒரு துளி கூட்டி எடுத்திருந்ததாம். துளி சேர்ந்து சேர்ந்து பத்து நாளாகிவிட்டது. வசந்தம் கலண்டருக்கு முன்னமே வந்து நின்றது. ஈஸ்டர் இடம் மாறிப் போய்க்கொண்டிருந்தது. வானசாத்திரிகள் கணக்குப் போட்டார்கள், பாப்பரசர் உத்தரவு போட்டார். ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்திரண்டாம் வருஷம், ஒக்டோபர் நாலாம் திகதி இரவு சனங்கள் படுத்தார்கள். விடிய எழும்பினால் பதினைந்தாம் திகதி.

"பத்து நாளையும் என்ன செய்தவர்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை. தூக்கிவிட்டார்கள்."

"இஞ்சையுமோ?" என்று தமிழில் கேட்டுவிட்டு, பிறகு இத்தாலியனில் கேட்டேன்.

"இங்கேயும்தான். சிசிலி அப்போது ஸ்பெயின் அரசனுக்குக் கீழே. அன்றிரவே மாறினது."

பல்லரோச் சந்தைக்குப் போய் மீன் வாங்கும்போதும் எனக்கு அதே யோசனை. இந்தக் கல்லுத் தெருவில்தான் அந்தச் சனமும் மீன் வாங்கியிருக்கும். நாலாம் திகதி வாங்கின மீனைப் பதினைந்தாம் திகதி காய்ச்சியிருப்பார்கள். நாறியிராது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். பாப்பரசர் சொன்னால் எல்லாரும் கேட்டார்களா?

அங்கேதான் சண்டையாம். அதற்கு முன்னமே வடக்கு நாடுகள் பல பாப்பரசரை விட்டுப் பிரிந்துவிட்டன. கணக்குச் சரி என்று அவர்களுடைய சாத்திரிகளுக்கும் தெரியும். ஆனால் சொன்னது பாப்பரசர். ஆகவே பிழையான கலண்டரையே வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்து நூற்றி எழுபது வருஷம் வைத்துக்கொண்டு இருந்ததாம். இங்கேயிருந்து ஒருவன் புறப்பட்டு அங்கே போய் இறங்கினால், புறப்பட்ட நாளுக்கு முந்தின நாளில் இறங்கலாம்.

நாங்கள் சைவம். ஊரில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்போம். வேதக்காரருக்குள் கத்தோலிக்கர் வேறு, புரட்டஸ்தாந்துக்காரர் வேறு என்பது தெரியும். ஒரு கோயிலில் மாதா இருப்பா, மற்றதில் வெறுஞ்சுவர். சண்டை சுரூபத்துக்கு என்றுதான் நினைத்திருந்தேன். திகதிக்கும் சண்டை பிடித்திருக்கிறார்கள் என்றபோது, அவர்கள் எனக்குச் சொந்தக்காரர் மாதிரித் தெரிந்தார்கள்.

ஒரு கேள்வி மட்டும் விடவில்லை.

"அந்தப் பத்து நாளுக்குள் அப்பாவின் திவசம் வந்தவன் என்ன செய்திருப்பான்?"

சிஞ்ஞோராவுக்கு அது தெரியாதாம். வேறொன்று தெரியுமாம். ஸ்பெயினில் ஒரு கன்னியாஸ்திரி சரியாக அந்த நாலாம் திகதி இரவு செத்தவ. அடுத்த நாள் பதினைந்து. பிறகு அவவைப் புனிதை ஆக்கினார்கள். இன்றைக்கும் அவவின் திருநாள் ஒக்டோபர் பதினைந்து.

மறுநாள் வெயில். "பெரிய கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போ. உனக்கு ஒரு கலண்டர் காட்டவேண்டும்" என்றார்.

வியா மக்வேதாத் தெருவைக் கடந்து தள்ளினேன். கல்லுக் கல்லாகச் சக்கரக் கதிரை குலுங்கியது. குலுக்கத்துக்கு ஒருமுறை என்னைத் திட்டினார். கதீட்ரலுக்கு உள்ளே தரையில் ஒரு பித்தளைக் கோடு. கூரையில் சின்ன ஓட்டை. அதால் வெயில் ஒரு பொட்டாக விழுந்து தரையில் நகர்ந்துகொண்டிருந்தது.

"இந்தக் கோடு பிந்தி வந்தது. ஆனால் அந்தப் பத்து நாள் பிழையைப் பிடிக்க முன்னுக்கு வேறு கோயில்களில் செய்த வேலையும் இதுதான். ஓட்டை, கோடு, பொறுமை."

நான் கோட்டைப் பார்க்கவில்லை. கோட்டின் ஓரம் கலர்க் கல்லில் பதித்திருந்ததைப் பார்த்தேன். நண்டு. சிங்கம். தராசு. தேள். வேதக்காரர் கோயில் தரையில் எங்கள் ராசிகள். செருப்பைக் கழற்றுவதா என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. கழற்றவில்லை.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன் பொட்டுக் கோட்டைத் தொட்டது. தராசைக் கடந்து நின்றது.

"பிழை" என்றேன்.

"என்ன பிழை?"

"இது புரட்டாசி. சூரியன் இன்னும் கன்னியில். ஐப்பசி பிறந்தால்தான் துலாம், இந்தத் தராசு. உங்கள் பொட்டு முந்தி ஓடுகிறது."

சிஞ்ஞோரா பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாப்பரசர் இல்லாதது நல்லதாய்ப் போச்சு. உனக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றிருப்பார்" என்றார்.

எங்கள் ஆட்களும் இவர்களுடைய ஆட்களும் ராசியை வேறு வேறு இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்று பிறகு தம்பி போனில் தேடிச் சொன்னான். வெயில் ஒன்றுதான். எனக்கு அரைவாசிதான் விளங்கினது.

அந்த ஞாயிறு இரண்டு பேரையும் ஒரே வீடியோ அழைப்பில் எடுத்தேன். ஒருவருக்கு மற்றவர் இருப்பது தெரியாது. தம்பியின் முகம் தெரிந்ததும் அக்கா போனை முகட்டுப் பக்கம் திருப்பிவிட்டா. மின்விசிறிதான் தெரிந்தது. நான் மின்விசிறிக்குக் கதை சொன்னேன். பத்து நாள், பாப்பரசர், கன்னியாஸ்திரி, எல்லாம்.

முடிந்தபிறகு மின்விசிறி கதைத்தது.

"எடியே, வேதக்காரியின்ரை செத்தநாளைக் காட்டியோ எனக்குத் திவசம் சொல்லித்தாறாய்?"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரியக்கா, இவ மாறீட்டா. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறாவாம். கழுத்தைப் பாருங்கோ, சிலுவை கிடக்கும்."

"அதுதான் பாக்கிறன். திருநீறும் இல்லை."

"நெத்தி வேர்த்துப் போச்சுது" என்றேன்.

"அங்கை குளிரெண்டெல்லோ போன கிழமை சொன்னனீ?"

இரண்டு பேரும் சேர்ந்து என்னை வாட்டினார்கள். பேசாமல் வாங்கிக்கொண்டேன். அக்கா போனை நேரே பிடித்திருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

"அந்த மனுசி ராவோ செத்தவ?" அக்கா.

"ஓம்."

"அப்ப விடிஞ்ச நாளைத்தான் எடுத்திருக்கினம்."

"ஓம்."

அக்கா கொஞ்சநேரம் எதையோ துடைத்துக்கொண்டிருந்தா. "அப்பாவும் விளக்கு வைக்கிற நேரந்தானே போனவர். விடிஞ்சால் தசமி" என்றா. பிறகு தம்பியைப் பார்த்து, "தசமியிலை நீ தர்ப்பை போடு. சமைக்கிறன். ஆனால் நவமியிலை நான் ஒரு இலை போட்டு அவருக்கு வைப்பன். ஏனெண்டு ஒருத்தரும் கேக்கப்படாது."

"கேக்கேல்லை. நவமி இலையிலை எனக்கும் கத்தரிக்காய்க் கறி வருமோ?"

"காகம் திண்டு மிஞ்சினால்."

தசமியன்று ஊரில் மத்தியானம், இங்கே காலை. போனைச் சீனிப் போத்தலில் சாத்திவைத்துப் பார்த்தேன். சிஞ்ஞோரா கோப்பியோடு பக்கத்தில் இருந்தார். தம்பி வேட்டி நழுவ நழுவ உட்கார்ந்திருந்தான். அக்கா பின்னால் நின்று ஒவ்வொரு கறியாக எடுத்துக் கொடுத்தா. முந்தின நாள் இலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தம்பி மட்டும் போனைப் பார்த்து வயிற்றைத் தடவிக் காட்டினான்.

"எந்தக் கலண்டர் வென்றது?" சிஞ்ஞோரா கேட்டார்.

"இரண்டும் சாப்பிட்டது" என்றேன்.

பிறகு கதிரையைத் தள்ளிக்கொண்டு கதீட்ரலுக்குப் போனோம். நான்தான் கேட்டேன். அந்தக் கிழமை மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்திருந்தார்கள். பத்து நாளைத் தூக்கினவர்களுக்கு அது பெரிதில்லை. பன்னிரண்டு அடிக்க முன்னமே பொட்டுக் கோட்டுக்கு வந்துவிட்டது. தேளைக் கடந்து நின்றது.

எங்களுக்கு இன்னும் துலாம். குனிந்து, பொட்டுக்குள் கையை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. எடுப்பதற்குள் விரலைத் தாண்டிப் போய்விட்டது.