தீ தொடாத குஞ்சுகள்

1993 மார்கழியில் கொட்டச்சேடு எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்த கோழிக்குஞ்சுகள் இருபத்தாறும் ஒரே இரவில் செத்தன. எல்லாம் பொன்னாயி வீட்டில் இருந்தவை.

எஸ்டேட் பங்களாவில் சமைத்த பொன்னாயி, அடுப்பில் மிஞ்சும் கரிக்கங்கைச் சட்டியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவருவார். அதனால் பனிக்காலத்தில் மற்றவர்களும் தங்கள் குஞ்சுகளை அவரிடம் விட்டுவைப்பார்கள். கூண்டுக்குப் பக்கத்தில்தான் சட்டி இருக்கும். அன்று குளிர் அதிகம். சட்டியைக் கூண்டுக்குள்ளேயே வைத்து, தீப்பிடிக்காமலிருக்க கூண்டை ஈரச்சாக்கால் இடுக்கில்லாமல் மூடினார். விடிந்தபோது ஒன்றும் அசையவில்லை. இறகு கருகவில்லை. புகை நாற்றமும் இல்லை.

கோழிக்குக் கோழி தொற்றும் கழிச்சல் நோய் என்றார்கள். முந்தின வாரம் தோட்டக்காரர் அம்மாசி சேலம் சந்தையிலிருந்து வாங்கிவந்த சேவல்மேல் பழி விழுந்தது. அதை அவரே அறுக்க வேண்டியதாயிற்று. பிறகு அவரைக் கோழி வளர்க்க யாரும் விடவில்லை. ‘கழிச்சல்’ என்றே கூப்பிட்டார்கள்.

“கழிச்சல் வருது, கோழியெல்லாம் உள்ள புடிச்சுப் போடுங்க” என்று சொல்லிக்கொண்டே அம்மாசி லைனுக்குள் நுழைவார். எல்லோரும் சிரிப்பார்கள். பொன்னாயியும் சிரித்தார்.

மறு ஆண்டு, மலையின் பாறைகளை ஆராய வந்த ஜேசுதாஸ் பங்களாவில் தங்கினார். ஒரு மாலை கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டரிடம் சைபீரியாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு நிலக்கரிப் படுகைகளுக்குள் புகுந்து எரித்திருக்கலாம், அந்த வாயுக்களால் உலகின் பெரும்பாலான உயிரினங்கள் அழிந்திருக்கலாம் என்பது சிலருடைய கருத்து, இன்னும் உறுதியாகவில்லை என்றார்.

காபி கொண்டுவந்த பொன்னாயி நின்றுவிட்டார்.

“ஏனுங்க சார், தீ போய்ப் படாத எடத்துலயுமா செத்துது?”

“தீ எதுக்கும்மா? காத்தும் கடலும் கெட்டாப் போதும். அதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் ஆயிருக்கும். மூடின ரூம்ல கரிக்கங்கு வச்சுப் பாரு, அது வேற விஷம். புகையே தெரியாது, ஒரே ராத்திரில முடிஞ்சுரும்.”

அன்றிலிருந்து அம்மாசி வரும்போதெல்லாம் பொன்னாயி உள்ளே போய்விடுவார். பங்களாவில் மிஞ்சிய குழம்பை அவருக்குக் கொடுத்தனுப்பினார். கழிச்சலுக்கு வந்த வாழ்வைப் பார் என்று அதற்கும் ஒரு கேலி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்க் குழாயடியில் லைனே கூடியிருந்தபோது அதைக் கேட்டுக்கொண்டிருக்கப் பொன்னாயியால் முடியவில்லை.

“கழிச்சலும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. நாந்தான் கங்குச் சட்டியக் கூண்டுக்குள்ள வச்சு மூடுனேன். மூச்சு முட்டிச் செத்துருக்குது.”

அம்மாசி குடத்தை இறக்கி வைத்தார்.

“அந்தச் சேவல் நொம்ப நல்ல சேவலு, பொன்னாயி” என்றார்.

அடுத்த மார்கழியில் லைன் குஞ்சுகளை எல்லோரும் அம்மாசி வீட்டில் விட்டார்கள்.