பாட்டு கேட்கும் பாடம்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தோடு ஆறு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் அவள். கடையில் அவளுக்கு 'என்னங்க' என்றுதான் பேர். எதைச் சொன்னாலும் ஒரு தடவை "என்னங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் காரியத்தில் இறங்குவாள். அந்த இரைச்சலில் யாருக்குத்தான் காது கேட்கும் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்துவைத்தாள். இடது காது போய்விட்டது, வலது காதும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அக்காவைத் தவிர யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை.

பகலில் கடை, மாலையில் கல்லூரி. கணினிப் பட்டம் வாங்கிவிட்டால் தலைமை அலுவலகத்தில் உட்கார வைப்பதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். கணக்கையும் புரோகிராமையும் முட்டி மோதி முடித்துவிட்டாள். யாராக இருந்தாலும் இரண்டு கலைப் பாடம் படித்தால்தான் பட்டம் என்பது பல்கலைக்கழக விதி. வரலாறு முடிந்திருந்தது. இன்னும் ஒன்று பாக்கி.

"கண்ணை மூடிக்கிட்டு தத்துவம் எடும்மா. படிச்சு எழுதினாப் போதும். வேலைக்குப் போற பிள்ளைங்க எல்லாம் அதைத்தான் எடுக்குது" என்றார் கல்லூரியில் பாடம் தேர்ந்தெடுக்க வழிசொல்லும் அம்மா.

"நான் இசை ரசனை எடுக்குறேன் மேடம்."

"பாதி மார்க் காதால கேட்டு எழுதுற பரீட்சைம்மா. பாட்டு கத்துக்கிட்டவங்களே அதுல திணறுறாங்க."

"தெரியும் மேடம்."

செய்தி கேட்ட அக்கா இஸ்திரிப் பெட்டியை ணங்கென்று வைத்தாள். "ஏண்டி, உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா? பாட்டு கேக்கணும்னா வீட்டுல கேளேன். யாரு வேணாம்னா?"

"வீட்டுல வேலையோட வேலையா கேக்குறது காதோட போயிடுதுக்கா. எப்படிக் கேக்கணும்னு யாராவது சொல்லிக் குடுத்தா மனசுல நிக்கும். நாளைக்கு ஒண்ணும் கேக்காதப்போ நெனச்சுப் பாக்கவாவது ஏதாவது வேணும்ல?"

அக்கா தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்தாள்.

வகுப்பில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். முரசும், கனத்த குரலில் இழையும் பெரிய வயலினான செல்லோவும் நன்றாகவே கேட்டன. அடியில் செல்லோ நடக்க, மேலே இன்னொரு வாத்தியம் அதை விட்டு விலகிப் போய் எங்கோ திரும்பி வந்து சேர்வதை வாத்தியார் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அது மனசுக்குள் ஓடிக்கொண்டே வந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அக்காவிடம் வாய் ஓயாமல் பேசினாள்.

பிறகு முதல் பரீட்சை வந்தது. இன்னும் பாட்டுப் போடவில்லை என்று காத்திருந்தாள். சுற்றிப் பார்த்தால் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது புல்லாங்குழல். உச்ச ஸ்தாயி. அவள் காதுக்கு அது எட்டவே இல்லை.

வகுப்பு முடிந்ததும் வாத்தியார் கூப்பிட்டார். "வெறும் தாளைக் குடுத்திருக்கீங்க. இஷ்டமில்லைன்னா இப்பவே வேற பாடத்துக்கு மாறிக்கலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னாள். அவர் அந்த வெறும் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டாங்க. பரீட்சைக்குப் பதிலா கட்டுரை எழுத பர்மிஷன் வாங்கித் தர்றேன்."

"வேணாம் சார். என் ஃபைல்ல ஏறினா மார்க் ஷீட்டோட கடை வரைக்கும் போயிடும். காது கேக்காதவளை எவன் சார் ஆபீஸ்ல உக்கார வைப்பான்?"

"அப்ப தத்துவத்துக்கு மாறிடுங்க."

தலையாட்டிவிட்டு வந்தாள். வியாழக்கிழமை கல்லூரி அலுவலக வாசல்வரை போனாள், உள்ளே போகவில்லை. வெள்ளிக்கிழமை லீவு கேட்டாள், மேனேஜர் கொடுக்கவில்லை. அவள் அதற்கு மேல் மல்லுக்கு நிற்கவுமில்லை.

பெயிலானாள். பட்டம் தள்ளிப்போனது. தலைமை அலுவலக நாற்காலியில், கடையில் அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒருத்தி உட்கார்ந்தாள். "அப்பவே சொன்னேன்ல" என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அக்கா சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். எந்த வேலைக்காகப் பயந்து மறைத்தாளோ அந்த வேலையே கை நழுவிவிட்டதே என்று நினைத்தபடி அவள் தட்டை மூடி வைத்தாள்.

அடுத்த பருவத்தில் தத்துவம் எடுத்துத் தேறினாள். பட்டமும் வந்தது. காது மெஷின் வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு நாள் மேனேஜர் முன்னால் போய் நின்றாள். அவர் மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போதும் லென்ஸ்தான் தேய்க்கிறாள். வாரம் ஒரு மாலை, மார்க் இல்லை, பரீட்சை இல்லை என்ற பேச்சில், இசை வகுப்பில் போய் உட்கார வாத்தியார் விடுகிறார். வயலினும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி வருகிறது. அந்தப் பாடத்தை எடுத்தது சரியா தப்பா என்று அக்கா ஒரு தடவை கேட்டாள்.

"தெரியலக்கா" என்றாள். "ஆனா அந்த செல்லோ இன்னும் மனசுல இருக்கு."