மார்கழி நோன்பு என்று சொன்னார்கள்

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு பேண்டேஜ் ஷெட் இருக்கிறது. இராஜபாளையத்தில் இது அதிசயமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியை வெட்டி, மடித்து, பாக்கெட் போடுவார்கள். நடத்துகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அந்த வீட்டம்மாவை மதினி என்றுதான் கூப்பிடுவேன்.

மார்கழி பிறந்த சமயம் அங்கே ஒரு பெண்பிள்ளை புதிதாக வந்தாள். பதினாறு வயதுக்கு மேல் சொல்ல முடியாது. நான் கோலம் போடும்போது அவள் அவர்கள் வாசலைத் தெளித்துக்கொண்டிருப்பாள். தலையில் எண்ணெய் இல்லை, பூ இல்லை. நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.

"யாரு மதினி இந்தப் புள்ள? வாயே தொறக்க மாட்டேங்கா."

"தூரத்துச் சொந்தம். மார்கழி நோன்பு இருக்கா. நெய், பால் தொட மாட்டா, யார்ட்டயும் பேச மாட்டா. நீ பேச்சுக் குடுத்துக் கெடுத்துராத."

நம்பினேன். நம்பியது மட்டுமா, உருகிப் போனேன். ஆண்டாள் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறோம், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பிள்ளையா என்று. செல்போனும் கையுமாக இருந்த என் மகளிடம், "ஏட்டி, அந்தப் புள்ளயப் பாரு. ஒன்னால ஒரு நாள் காப்பிய விட முடியுமா?" என்றேன்.

"என்னைய வையணும்னா ஒனக்கு ஊருல எந்தப் புள்ளயும் ஆகும்" என்றாள்.

ஷெட் கதவில் வெளியே பூட்டுத் தொங்கும். உள்ளே ஆள் இருக்கும்போதே தொங்கும். அதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் அவள் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் நோன்புக்குக் குறை வந்துவிடுமே!

கூடாரவல்லி அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேவித்துவிட்டு, பிரசாத அக்காரவடிசலோடு வந்தேன். நெய்யும் பாலும் ஒதுக்கி இருந்தவர்கள் அன்றைக்குத்தான் அதைச் சாப்பிட்டு நோன்பை விடுவார்கள். மதினி வாசலிலேயே பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். "நாங்க சாப்பிட்டுக்கிடுதோம். அவளுக்கு ஆகாது, நோன்புல்லா?"

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நோன்பு வீட்டில் கூடாரவல்லி தெரியாமல் எப்படி இருக்கும்?

மதினி வெளியே போன நேரம் பார்த்து, வீட்டில் மீதி இருந்ததை ஷெட்டின் பின்ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். கம்பி வழியாக வாங்கி நின்றபடியே விழுங்கினாள்.

"நோன்பு முடிஞ்சிருச்சும்மா. மெதுவாச் சாப்பிடு."

"எனக்கு என்னக்கா நோன்பு? நாங்க வேதக்காரங்க" என்றாள். "கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு அனுப்புறோம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க. அம்மாட்ட போன்ல பேசக்கூட விடல. கேட்டா அடி."

என் வீட்டுக்காரர், "நாளப்பின்ன அவிய மொகத்துல முழிக்க வேண்டாமா? பேசாம இரு" என்றார். பேசாமல் இருந்ததுதானே இத்தனை நாளும் நான் செய்தது. குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். என் பேர் வெளியே வராது என்று முதலிலேயே சொன்னார்கள்.

"பிள்ளை பேர் என்னம்மா?"

தெரியவில்லை.

"எப்ப இருந்து பாக்குறீங்க?"

"மார்கழி பொறந்ததுல இருந்து."

"பூட்டி வச்சிருந்தது தெரியுமா?"

"வெளிய பூட்டு தொங்குனதப் பாத்தேன்" என்றேன். தடுமாறாமல் நன்றாகத்தான் பேசினேன். அதுவே கூச்சமாக இருந்தது.

மறுநாள் அதிகாரிகளும் போலீசும் வந்து பூட்டைத் திறந்தார்கள். மதினி தெருவே கேட்க, "பிரசாதம்னு வந்து மோப்பம் பிடிச்சியாடி?" என்று ஏசினார். அது என்னைச் சுடவில்லை.

சுட்டது வேறு. பார்த்ததைச் சொல்ல, பிள்ளையைக் கூட்டிப்போயிருந்த குழந்தைகள் நல அலுவலகத்துக்கு நானே போனேன். பிள்ளையின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். மில்லில் ஷிப்டு முடிந்த முகம். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பக்கத்துலயே ஒங்கள மாதிரி ஒரு ஆளக் கர்த்தர் வச்சிருந்தாரே தாயி!"

மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு அது தெரியும். அவளும் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.