அக்கா தூக்கிய கை

அக்கா நடிக்கிறாள் என்று முதலில் சொன்னவர் அவளுடைய பயிற்சியாளர். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. அவள் ஈட்டி எறிபவள். பள்ளித் திடலில் அவள் ஓடிவரத் தொடங்கினால், அளவுநாடா பிடிக்கும் பிள்ளைகள் கேட்காமலே பின்னால் தள்ளி நின்றுகொள்வார்கள். அடுத்த ஆண்டு விளையாட்டுப் பள்ளியில் அவளுக்கு இடம் உறுதி என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போகத் தொடங்கின. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உள்ளங்கை வெளுத்துச் சில்லிட்டுப் போகும். இறக்கினால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அப்படிச் சரியாகிவிட்டதுதான் அவளுக்கு வினையாக வந்தது.

தேர்வுப் போட்டி நெருங்குகிறது, பயந்துபோய்ச் சாக்குச் சொல்கிறாள் என்றார் பயிற்சியாளர். அம்மாவும் அப்பாவும் அப்படியே விட்டுவிடவில்லை. அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அப்பா அதே தொழிற்சாலைக்கு வேன் ஓட்டினார். இரண்டு பேரும் மாறிமாறி லீவு போட்டு, ஈப்போவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான குனோங் ராபாட்டிலிருந்து மூன்று கிளினிக்குகளுக்கு அவளை அழைத்துப் போனார்கள். மூன்றிலும் நடந்தது ஒன்றுதான். அக்கா கையை மேசைமேல் நீட்டுவாள், டாக்டர் விரல்களை அழுத்திப் பார்ப்பார். மேசைமேல் கிடக்கும் கைக்கு என்ன கேடு? அது நன்றாகத்தான் இருந்தது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள், முழங்கையை எடுத்தார்கள், வலி மாத்திரை கொடுத்தார்கள். ஈட்டி எறிகிற பெண்ணிடம் "கையைத் தூக்கும்மா, பார்ப்போம்" என்று சொல்ல அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது டாக்டர் தமிழர். நம்மவர் ஆயிற்றே, பொறுமையாகக் கேட்பார் என்றுதான் அவரிடம் போனோம். அவர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான் என்று சொல்லி அனுப்பினார்.

அது போதாதா எங்கள் மாமாவுக்கு? அம்மாவின் அண்ணன் அவர். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அன்று மாலையே வீட்டுக்கு வந்து, "என்னா, தஞ்சோங் ரம்புத்தான்ல ஒரு கட்டில் சொல்லி வெச்சிரலாமா?" என்று அக்காவின் முகத்துக்கு நேராகக் கேட்டுச் சிரித்தார். மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. ஈப்போவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அந்தக் கேலி புரியும். நானும் சிரித்தேன். அக்கா என்னை மட்டும்தான் திரும்பிப் பார்த்தாள்.

பால்குடம் நேர்ந்துகொள்ளச் சொன்னதும் மாமாதான். "மச்சான், கையில உள்ள கோளாறு, கையாலயே ஏந்திக் குடுக்கணும் லா. முருகன் பாத்துக்குவாரு" என்று அப்பாவிடம் சொன்னார். கையைத் தூக்கினால் போகிற உயிரை மீட்க, வெயிலில் ஊர்வலம் முழுக்கக் கையைத் தூக்கியே வைத்திருக்கும்படி ஒரு வேண்டுதல்! முருகனிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே வேண்டாமென்று சொல்லியிருப்பார். அக்கா மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அதையும் நடிப்பில்தான் சேர்த்திருப்பார்கள்.

தைப்பூசத்தன்று மஞ்சள் பாவாடை தாவணியில், தலையில் குடத்தை வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அக்கா நடந்தாள். பாதி தூரத்தில் உதட்டைக் கடித்தாள். கோயில் இருக்கும் சுண்ணாம்புக் குன்று கண்ணில் பட்ட இடத்தில் வலது கை தானாக நழுவியது. குடம் விழுந்து, பால் தார்ச்சாலையில் ஓடியது. பின்னால் வந்த அத்தை அத்தனை கூட்டத்துக்கு நடுவில், "ஆகாத நாள்ல குடம் எடுத்தியா? உண்மையச் சொல்லு" என்று கேட்டார். என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிய வயதிலிருந்து அத்தையோடு நான் சரியாகப் பேசுவதில்லை.

அப்போது பக்கத்தில் ஒரு சீன அம்மா நின்றார். அவரும் மஞ்சள் சேலை, அவரும் பால்குடம். தன் குடத்தை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுப்பவராம். கையை உயர்த்தினார், இறக்கினார், மறுபடி உயர்த்தினார். பிறகு குடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அப்பாவை நாடி பிடித்துப் பார்க்கச் சொன்னார். தூக்கினால் துடிப்பு இல்லை, இறக்கினால் இருந்தது. அப்பாவின் முகம் கறுத்துப்போனது. "இரத்தக் குழாய் பார்க்கும் நிபுணரிடம் போங்கள், தாமதிக்காதீர்கள்" என்று மலாயில் சொல்லி, கோலாலம்பூரில் இருக்கும் ஒருவரின் பெயரைத் திருநீற்றுப் பொட்டலத்தின் மேல் எழுதிக் கொடுத்தார்.

நிபுணரைப் பார்க்கக் கடிதம் வேண்டும். அதற்காக அந்த மூன்றாவது டாக்டரிடமே போனோம். "கோயில்ல யாரோ சொன்னாங்கன்னு நான் எப்படி எழுதறது?" என்று அவர் சிரித்தார். காவல்காரரைக்கூட சார் என்று கூப்பிடும் மனிதர் என் அப்பா. அன்று எழுந்து நின்று, அக்காவின் கையை மேலே தூக்கிப் பிடித்தார். "அன்னிக்கு நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன். இப்ப நான் சொல்றேன், இந்தக் கையப் புடிங்க டாக்டர்." குரல் வெளியே மருந்து வாங்க நின்றவர்களுக்கும் கேட்டது. டாக்டர் பிடித்தார். வேறு இடத்தில் விரலை மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு நிமிராமல் கடிதத்தை எழுதினார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை.

கோலாலம்பூர் நிபுணர் அக்காவை இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் வலது கை வெளுத்துக் கீழே விழுந்தது. கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார். பிறவியிலேயே கழுத்தடியில் ஒரு விலா எலும்பு கூடுதலாக இருந்தது. கையைத் தூக்கும்போதெல்லாம் அது இரத்தக் குழாயையும் நரம்பையும் நெரித்திருக்கிறது. அறுவை செய்து எடுக்க வேண்டும், இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார். பிறகு எடுத்தார்கள், கை பிழைத்தது. ஆனால் விளையாட்டுப் பள்ளியில் அவளுக்கிருந்த இடம் அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது.

அன்று நிபுணரின் அறையில் அம்மா அழுதுகொண்டிருக்க, அக்கா மலாயில் ஒன்றுதான் கேட்டாள். "டாக்டர், இதை ஒரு தாளில் எழுதி, சாப்பு முத்திரை அடித்துக் கொடுப்பீர்களா?"

"பள்ளி லீவுக்கு எம்சி சான்றிதழா? கண்டிப்பாகத் தருகிறேன்."

"எம்சி வேண்டாம். நான் பொய் சொல்லவில்லை என்று எழுதுங்கள்."

டாக்டர் எம்சிப் புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். கழுத்துக்குப் பக்கத்தில் கத்தி வைக்கப் போகிறார்கள், திரும்ப ஈட்டி எறிய முடியுமா என்றுகூடக் கேட்காமல் இவள் ஒரு தாளைக் கேட்கிறாளே, கெட்டிக்காரி, எம்சியைவிடப் பெரிய லீவாக வாங்கப் பார்க்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அந்தத் தாளை மடிக்காமல், கசங்காமல், இரண்டு கைகளாலும் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். எத்தனை நாள் லீவு, எத்தனை நாள் லீவு என்று, வழியில் தஞ்சோங் மாலிம் ஊரைத் தாண்டும்வரை நான் அவளைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.