சண்டை முடிந்த பிறகு வந்த ஆர்மி

ரங்கூனில் டைப் அடித்துப் பிழைத்த காலத்தில் எனக்கு ஓர் ஆசை இருந்தது. முதல் மகாயுத்தம் நின்ற நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி காலையில், அந்த யுத்தத்துக்குப் போய்வந்தவர்கள் வரிசையாக நடப்பார்கள். அதில் நானும் நடக்க வேண்டும். பாஸ்ராவில் லேபர் கோர் என்ற கூலிப் பட்டாளத்தில் இரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எழுத ஒன்றுமில்லாத நாட்களில் தண்டவாளக் கட்டை சுமந்தேன். எழுத ஒன்றுமில்லாத நாட்களே அதிகம். ஒரு வருஷம் விண்ணப்பம் போட்டுப் பார்த்தேன். ஊர்வலம் சிப்பாய்களுக்கு மட்டும் என்று கமிட்டிக் காரியதரிசி பதில் எழுதினார். ஓய்வுபெற்ற வெள்ளைக்கார மேஜர். கையெழுத்து மட்டும் அழகு.

அடுத்த வருஷம், நான் வேலை பார்த்த மரக்கம்பெனியில் ரம்பங்களைக் கவனிக்க ஓர் அமெரிக்கத் துரை வந்து சேர்ந்தார். அவரும் விண்ணப்பித்தார். அவருக்கு வந்த பதில் இன்னும் விசேஷம். உங்கள் ஆர்மி சண்டையே போடவில்லையே, அது என்னதான் செய்தது என்று கேட்டிருந்தார்கள்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பட்டாளத்தில் பல டிவிஷன் சேர்ந்தால் ஒரு கோர், பல கோர் சேர்ந்தால் ஓர் ஆர்மி. அமெரிக்கா பிரான்சில் அப்படி முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று அமைத்தது. துரையுடையது மூன்றாவது. அதை அமைக்க உத்தரவு பிறந்த சில நாளில் யுத்தம் நின்றுவிட்டது. தாலி கட்டி முடிந்த பிறகு வந்த மேளக்காரன் கதைதான். ஆனால் அந்த ஆர்மி வீட்டுக்குத் திரும்பவில்லை. குளிரில் ஜெர்மனிக்கு நடந்தது. ரைன் நதியைத் தாண்டி, பாலங்களைக் காத்து, சமாதானக் கையெழுத்து விழும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தது. அப்புறம் அதைக் கலைத்துவிட்டார்கள்.

இதை அவர் மூன்று தாளில் கிறுக்கி, டைப் அடிக்கச் சொன்னார். கொடுத்ததற்கு மேல் ஒரு கமா சேர்க்கக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். ஆனால் மனுஷர் மன்னிப்புக் கேட்பதுபோலவே எழுதியிருந்தார். அடிக்க அடிக்க எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் நானே ஒரு வரி சேர்த்தேன்: 'சுட்டவன் மட்டும் ஆர்மி இல்லை, அவனுக்குப் பாதை போட்டவனும், ரொட்டி கொண்டுபோனவனும், சுடுவது நின்ற பிறகு காவல் நின்றவனும் சேர்ந்ததுதான் ஆர்மி.'

"இது நான் எழுதியதில்லையே," என்றார்.

"இல்லை சார்."

"இருக்கட்டும்," என்று கையெழுத்துப் போட்டார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

ஒரே வாரத்தில் அனுமதி வந்தது. அந்த வரி கமிட்டிக்கு மிகவும் பிடித்துப்போயிற்றாம். அதே மிஷினில் அதே வரியை அடித்து என் விண்ணப்பத்தையும் அனுப்பினேன். ஊர்வலம் சிப்பாய்களுக்கு மட்டும் என்று பதில் வந்தது.

பதினொன்றாம் தேதி, பாஸ்ராவில் கொடுத்த காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். லான்மடாத் தெருவில், மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேவை விற்கும் கடையில் உட்கார்ந்தேன். அரைக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பிறகு போய் ஊர்வலப் பாதையின் ஓரத்தில் நின்றேன். துரை தோளில் தன் ஆர்மியின் வட்டச் சின்னத்தோடு நடந்து வந்தார். சரியாகப் பதினோரு மணிக்குப் பீரங்கி முழங்கியது. செத்தவர்களுக்காக இரண்டு நிமிஷம் யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது. அவர் வரிசை என் எதிரில் வந்து நின்றிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். அதன் தோளில் இருந்த லேபர் கோர் பித்தளை எழுத்துகளைப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு, அசையக் கூடாத அந்த நேரத்தில், ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தார். வரிசையில் ஓர் ஆளுக்கு இடம் உண்டாயிற்று.

நான் இறங்கிப் போய் நின்றேன். காரியதரிசி மேஜர் பார்த்துவிட்டார். மீசை துடித்தது. ஆனால் இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருந்தது. அவராலும் பேச முடியவில்லை. அது முடிந்ததும் பாண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. நடந்தோம்.