மீண்டும் ஒரு மஞ்சள் விமானம்

மாதுங்காவிலிருந்து செம்பூருக்குக் குடிமாறிய அன்று, லாரிக்காரர்கள் சாமான்களை இறக்கிப் போட்டுவிட்டுப் போனதும், என் மனைவி ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள்.

"ஏன்னா, இங்கே வாங்கோ. உங்க பெட்டிக்குள்ள மீன் முள்ளு இருக்கு."

எங்கள் வீட்டில் மீன் முள்ளுக்கு வழியே இல்லை. போய்ப் பார்த்தேன். கல்லூரி நாட்களில் நான் பாதியில் விட்ட ஒரு விமான இறக்கை. மெல்லிய மரச் சட்டங்கள் வரிசையாக, காகிதம் போர்த்தாமல், எலும்பும் தோலுமாகக்கூட இல்லாமல் வெறும் எலும்பாகவே கிடந்தது.

"இது விமானம்" என்றேன்.

"எது?"

"நான் பண்ணினது. அப்போ நிறையப் பண்ணுவேன். பறக்கும்."

கல்யாணமாகி நாலு வருஷத்தில் இதை ஒருநாள்கூட நான் சொன்னதில்லை என்று அவள் ஆச்சரியப்பட்டாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் அதை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்தது. காலையில் ரயில், சாயங்காலம் ரயில், நடுவில் பேரேடு. விளையாட்டெல்லாம் போதும் என்று யாரும் சொல்லவில்லை. கை தானாகவே விட்டுவிட்டது. பன்னிரண்டு வருஷம் போனது தெரியவில்லை.

"எங்கே, பறக்க விடுங்கோ பார்க்கலாம்" என்றாள் அவள், சமையல் பாத்திரங்களைக்கூட இன்னும் பிரிக்காத வீட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு.

இறக்கை மட்டும் பறக்காது என்று அவளுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் ஜூஹுவுக்கு பஸ் ஏறினோம். அங்கே விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான சின்ன விமானங்கள் நிற்கும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி இறக்கை, மஞ்சள் வண்ணம், திறந்த இருக்கை. வேலிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தோம்.

"இதுலயா மனுஷா ஏறறா? எங்கப்பாவோட ஸ்கூட்டர் இதைவிட கெட்டியா இருக்கும்" என்றாள்.

அதைத்தான் செய்வது என்று முடிவாயிற்று. ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்குப் போட்டு, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் படம் வரைந்தேன். பேரேட்டில் கோடு போட்ட கை என்பதால் படம் அழகாகவே வந்தது. அதற்கப்புறம்தான் வம்பு.

விமான மாடலுக்கு பால்சா என்ற மரம் வேண்டும். தூக்கினால் கையில் இருப்பதே தெரியாது. நான் படித்த காலத்தில் கோட்டையில் ஒரு கடையில் கிடைத்தது. இப்போது அந்தக் கடைக்காரர் மூக்கிலுள்ள காத்தாடியைச் சுழற்றும் ரப்பர் நாடா மட்டும் கொடுத்துவிட்டு, "மரம் வெளிநாட்டிலிருந்து வரணும், வரதில்லை" என்று கையை விரித்தார். மூங்கிலைச் சீவிச் செய்தேன். முதல் நாளே விரலைக் கிழித்துக்கொண்டேன். அளந்து வெட்டியது பொருந்தவில்லை, ஒட்டியது கோணிக்கொண்டது. முன்பெல்லாம் பார்க்காமலே செய்த வேலை, பார்த்துப் பார்த்துச் செய்தும் வரவில்லை. எப்படியோ முடித்துக் காலனிக்குப் பின்னால் இருந்த திடலில் எறிந்தேன். நேராக மூக்கை மண்ணில் குத்திக்கொண்டது.

"மேலேயே போகலையே" என்றாள் மனைவி.

"போச்சு. நீ கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள திரும்பி வந்துடுத்து."

அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் புது வீட்டுக்கு ஓர் இரும்பு அலமாரி தேவைப்பட்டது. பழைய சாமான் மலிவாகக் கிடைக்கும் என்று தாராவிக்குப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் ஒருவர் அங்கே காயலான் கடை வைத்திருந்தார். உடைத்த கப்பல்களிலிருந்து வரும் சாமான்தான் அவருக்கு முக்கிய வியாபாரம். என்னைக் கண்டதும் உட்காரச் சொல்லி, மூலையில் கிடந்த பெரிய மரக்கட்டையை ஒற்றைக் கையால் தூக்கி என் பக்கம் போட்டார். பீப்பாய் அளவு கட்டை. விழுந்தபோது தலையணை விழுந்த சத்தம்தான் வந்தது.

நான் உட்காரவில்லை. குனிந்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம் பதிந்தது.

"பாய், இது ஏது?"

"கப்பல்ல கெட்டியிருந்த தெப்பம் ஸார். கப்பல் முங்குனா ஆளுக இதைப் பிடிச்சு மெதப்பாங்களாம். ஒடைச்சுப் பாத்தா உள்ள பூராவும் இந்தக் கட்டைதான். நான் எடை போட்டு விக்கிறவன். இதத் தராசுல வச்சா முள்ளு அசையமாட்டேங்கு. என்ன செய்ய? வாறவங்க உக்காரப் போட்டிருக்கேன்."

"இது விமானம் செய்யற மரம், பாய்."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பாதி கேட்கும்போதே அவர் கண் விரிந்துவிட்டது.

"நெசமாவே பறக்குமா?"

"சரியா செஞ்சா பறக்கும்."

"அப்போ எடுத்துட்டுப் போங்க. துட்டெல்லாம் வேண்டாம். பறக்க விடுத அன்னைக்கு எனக்கு ஆள் விட்டுச் சொல்லணும், அம்புட்டுத்தான்."

அலமாரியை மறந்துவிட்டேன். கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோது, கண்டக்டர் என்னைப் பயில்வான் என்று நினைத்திருக்க வேண்டும், மரியாதையாக வழிவிட்டார்.

பிறகு வந்த மாதங்கள் இன்றைக்கும் நினைத்தால் இனிக்கின்றன. ஆபீஸ் விட்டு வந்ததும் காப்பி, காப்பி ஆனதும் பிளேடு. கட்டையை ஒரு தச்சர் பலகைகளாக அறுத்துக் கொடுத்தார். முதல் சில துண்டுகள் பாழாயின. அப்புறம் ஒருநாள், நான் வானொலி கேட்டுக்கொண்டே வெட்டிய சட்டம் படத்தின்மேல் வைத்ததும் அப்படியே பொருந்தியது. அடுத்ததும் பொருந்தியது. கைக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் நான் அதை யாருக்கும் சொல்லவில்லை, கண் பட்டுவிடுமோ என்று.

இறக்கைக்குப் பட்டம் செய்யும் மஞ்சள் காகிதம் போர்த்துவது மனைவியின் பொறுப்பாயிற்று. நான் ஒட்டினால் சுருக்கம் விழுந்தது. அவள் இஸ்திரிக்குத் தெளிப்பதுபோல் தண்ணீர் தெளித்துக் காயவிட்டாள். காகிதம் தவில் தோல் மாதிரி விறைத்துக்கொண்டது. அது தளராமல் இருக்க மேலே ஒரு மெருகு பூச வேண்டும். பழைய சினிமா ஃபிலிம் துண்டுகளை வெந்நீரில் கழுவி, ஒரு மருந்துத் திரவத்தில் கரைத்துத் தயார் செய்தேன். அந்தத் திரவத்துக்குப் பழுத்த வாழைப்பழ வாசனை. மாடி முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த வீட்டு மாமி கையில் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"யார்கிட்டயும் சொல்லாம பஞ்சாமிர்தம் பண்றேளே, இது நன்னாயிருக்கா?"

என் மனைவி கதவை அகலத் திறந்து, கட்டில்மேல் கிடந்த விமானத்தைக் காட்டினாள். மாமி வெகுநேரம் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. ஆனா சாப்பிட முடியாதே" என்று வருத்தத்தோடு போனாள்.

பறக்க விடும் ஞாயிறும் வந்தது. தாராவிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். பாய் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தன் காயலான் லாரியில் வந்து இறங்கினார். டிராம்பே ரோட்டை ஒட்டிய வெட்டவெளியில் நின்றோம். நான் ரப்பரை முறுக்கினேன். பாய் "பிஸ்மில்லா" என்றார். மனைவி "பிள்ளையாரப்பா" என்றாள். கையை விட்டேன்.

குத்தவில்லை. சாயவில்லை. மெல்ல ஏறியது. மஞ்சள் காகிதத்தில் வெயில் பட்டு, உள்ளே இருந்த சட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ரப்பர் ஓய்ந்து காத்தாடி நின்ற பின்னும் அது இறங்கவில்லை. மேலே எழும்பும் ஏதோ சூடான காற்றில் மாட்டிக்கொண்டு வட்டமடித்தது.

"எறங்கமாட்டேங்கே ஸார்! எங்கிட்டுப் போவுது?" என்று பாய் கத்தினார்.

அது ரோட்டுப் பக்கம் போனது. அங்கே ஸ்டாப்பில் ஒரு சிவப்பு பஸ் நின்றுகொண்டிருந்தது. விமானம், அதற்காகவே வந்ததுபோல், பஸ் கூரையில் போய் இறங்கியது. சக்கரம் காற்றுப்போக்கியின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. டபுள் பெல் அடித்தது. பஸ் கிளம்பிவிட்டது.

"வண்டியில ஏறுங்க!" பாய் லாரிக்குத் தாவினார். லாரி உறுமியது, கனைத்தது, அடங்கிவிட்டது. நானும் மனைவியும் பின்னால் நின்று தள்ளினோம். ஒன்பது கஜப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் தள்ளிய தள்ளில்தான் அது கிளம்பியது என்று இன்றைக்கும் சொல்வேன். பஸ் தூரத்தில் ஒரு பொட்டாகத் தெரிந்தது, தலையில் மஞ்சள் பூவோடு.

டிராம்பே கடைசி ஸ்டாப்பில்தான் பிடித்தோம். டிரைவர், கண்டக்டர், பிரயாணிகள் எல்லாரும் கீழே இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் எங்களைப் பார்த்து அதட்டினார்: "கிஸ்கா ஹை யே?"

யாருடையது என்று கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் நெஞ்சை நிமிர்த்தி, "ஹமாரா!" என்றார். எங்களுடையது.

கண்டக்டர் முகத்தை இறுக்கிக்கொண்டு, "டிக்கெட் கிதர் ஹை?" என்றார். விமானத்துக்கு டிக்கெட் எங்கே?

காய்கறிக்காரனிடம் பேசுமளவுக்கே ஹிந்தி தெரிந்த என் மனைவி முன்னால் வந்தாள். "கோத்கா பச்சா ஹை. டிக்கெட் நஹீ." மடியில் உட்காரும் குழந்தை, டிக்கெட் கிடையாது.

கண்டக்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எல்லாருக்கும். டிரைவரே ஜன்னல் கம்பியில் கால் வைத்து ஏறி, கைக்குழந்தையைத் தருவதுபோலக் குனிந்து கொடுத்தார். காத்தாடி உடைந்திருந்தது. ஓர் இறக்கையில் கிழிசல். வேறு சேதமில்லை. ஆனால் கூட்டம் எங்களை விடவில்லை. பறக்கவிட்டுக் காட்டினால்தான் ஆயிற்று. காத்தாடி இல்லாமல் காற்றில் சறுக்கத்தான் முடியும் என்றேன். சறுக்கட்டும் என்றார்கள். நான் விமானத்தை மனைவியிடம் நீட்டினேன்.

"நானா?"

"மெதுவா. மூக்கு நேரா இருக்கணும்."

லாரியின் பின்தட்டில் ஏறி நின்று அவள் விமானத்தை விட்டாள். அது கூட்டத்தின் தலைக்கு மேலே சத்தமே இல்லாமல் போய், நடுரோட்டில் சக்கரம் உருள இறங்கி நின்றது. ஒரு பஸ் நிறைய ஜனம் கை தட்டியது. அவள் முகத்தில் நான் பார்த்ததை எந்தப் புகைப்படக்காரரும் எடுத்திருக்க முடியாது.

கல்லூரி நாட்களில் நான் தனியாகத்தான் செய்வேன். தனியாகப் பறக்கவிட்டு, தனியாகப் பொறுக்கிக்கொண்டு வருவேன். அதுவும் சந்தோஷம்தான். ஆனால் திரும்பி வரும்போது அந்த லாரி முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கியடித்து, ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தோமே, அது எனக்குப் புதிது.

"அடுத்து பெரிசாச் செய்வோம் ஸார்" என்றார் பாய். "ஜனங்க ஏறிப் போவாங்களே, நாலு காத்தாடி உள்ளது, அது. கட்டை நான் தேடுதேன்."

"அதுக்கு நீலமும் வெள்ளையுமா காகிதம் வேணும்" என்றாள் மனைவி. "ஜன்னல் எத்தனைன்னு போய் எண்ணிண்டு வரணும்."

மழைக்காலம் தொடங்குவதற்குள் சாந்தாகுரூஸ் விமான நிலையத்துக்குப் போய், ஜன்னல்களை எண்ணிவிட்டு வந்தோம்.